மாடிக்கு நீட்டி விட்ட கம்பி

செல்விக்கு அப்பா எழுதுவது. நம் வீட்டுக்கு மாடி எடுப்பதில்லை என்று திங்கட்கிழமை மாநகராட்சியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இதை முதலில் சொன்னால்தான் மற்றது எழுத ஓடும். நான் சுகம், சீனி மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க நெல்லையப்பர் துணை.

நம் வீட்டுக்குக் கிழக்கே மாநகராட்சி சாமான் போட்டு வைத்த கிட்டங்கி இருந்ததே, அதை இடித்துப் படிப்பகம் கட்டுகிறார்கள். ஏசி கிடையாதாம், பகலில் விளக்கும் வேண்டாமாம். மேற்குச் சுவர் முழுக்க ஓட்டைச் செங்கல், ஆனி ஆடி மேல்காற்று நம் மொட்டைமாடிக்கு மேலே வந்து உள்ளே நுழைந்து சூட்டைக் கூரை வழியாக வெளியே தள்ளிவிடுமாம். கெசியா என்று ஒரு இன்ஜினீயர் பொண்ணு, உன் வயதுதான் இருக்கும், படத்தை விரித்து, அண்ணாச்சி நீங்க மாடி எழுப்பினா எங்க காத்து செத்துரும் என்றாள். நாப்பது வருசமா கடையில ஃபேன் விக்கேன், எங்கிட்டயே வந்து காத்தை ஓசியில கேக்கியேம்மா என்றேன். சிரித்தாள், ஆனால் படத்தை மடக்கவில்லை. கெட்டிக்காரி. முடியாது என்றுதான் அனுப்பினேன். மாடி உனக்கென்று நினைத்தது. நீ விமானம் ஏறிய வருஷம் உன் அம்மாதான் கொத்தனாரிடம் சொல்லி ஒன்பது தூணிலும் கம்பியை நீட்டி விட்டாள். அவள் போன பிறகும் துருப்பிடிக்காமல் வருஷாவருஷம் நான் பெயிண்ட் அடிக்கிறேன்.

போன மாதம் நீ அங்கே சொந்த வீடு வாங்கியாச்சு என்று சொன்னாய். சந்தோஷம் என்றேன், சந்தோஷம்தான். போனை வைத்துவிட்டு மேலே போய் அந்தக் கம்பிகளுக்கு நடுவே நின்றேன், நல்ல காத்து. விற்காத சரக்கைக் கட்டி அழக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவன் நான். மறுநாள் நானே கெசியாவைக் கூப்பிட்டேன். படிப்பகம் வந்தால் சாயங்காலம் பக்கத்தில் நாலு பேர் இருமுகிற சத்தமாவது கேட்கும், இங்கே டிவி மட்டும்தான்.

புது வீட்டில் மேற்கே ஜன்னல் உண்டா, பார்த்து எழுது. பிள்ளையிடம் நம் பேச்சில் பேசு. மூவரும் குறையில்லாமல் வாழ வேண்டும்.

முடிவான ஏற்பாடு இவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கு மொட்டைமாடியில் சுவரோ கூரையோ எழும்பாது. பணம் வாங்கவில்லை, வாங்கினால் விற்ற மாதிரி ஆகிவிடும். எட்டுத் தூண் கம்பியை அவர்களே அறுத்துக்கொள்ள வேண்டும், தென்மேற்கு மூலைக் கம்பி மட்டும் நிற்கும். அது எதுக்கு அண்ணாச்சி என்றாள் கெசியா. துணிக்கொடி கட்ட என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

உன் அப்பா,
பூதத்தான்