ஒரே ஊருக்குள் தபால்

தாராவி
10-6-2024

அன்பு மச்சானுக்கு,

நான் சுகம். இங்க எல்லாரும் சுகம். எல்லாரும் வீட்டுலயேதான் இருக்காங்க, அதுதான் சங்கதி!

நேத்து ஞாயித்துக்கிழமை வந்தீங்க. நாம பேசினது "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", அவ்வளவுதான். அதுக்கே மாமா டிவி சத்தத்தைக் குறைச்சுட்டுத் திரும்பிப் பார்த்தாங்க. போன் வந்தாலும் இதே கதை. ஒத்தை ரூம்புக்குள்ள எந்த மூலையில நின்னு பேச? சந்துக்குப் போனா பக்கத்து வீட்டு பரீஹா அக்கா ஜன்னல்ல எட்டிப் பார்த்து, "யாரு, மாப்பிள்ளையா?"ங்காங்க. அதான் எழுதுதேன்.

கல்யாணமான புதுசுல ஏணி வச்சு ஏறுற மேல்தட்டாவது நமக்குன்னு இருந்தது. உங்க அக்கா கலைச்செல்வி மதினி பிரசவத்துக்கு வந்ததும், அவங்களுக்குக் கீழ இடம் விட்டு மாமாவும் கொழுந்தனும் மேல ஏறிட்டாங்க. நீங்க சிநேகிதங்க ரூமுக்கு, சான்பாடாவுக்குப் போயிட்டீங்க. இப்ப குறுக்க தொட்டில் வேற ஆடுது. மதினி மகன் சிரிச்சா அப்படியே உங்க ஜாடை. அவன் மேல எனக்குக் கோபமில்ல. உங்க மேலதான் கொஞ்சம்.

உங்கள்
பூமாரி


சான்பாடா
17-6-2024

டியர் பூமாரி,

என் தமிழ் நாலாம் கிளாஸோட நின்னுபோச்சு. தப்பு இருந்தா சிரி. சத்தமா சிரிக்காதே, அம்மா கேப்பா.

உன் லெட்டரைப் படிச்சு முடிக்க ரெண்டு லஞ்ச் டைம் ஆச்சு. கூட ஏசி ரிப்பேர் பாக்குற நாணு, "என்னடா, கோர்ட் நோட்டீஸா?"ன்னு கேட்டான்.

விஷயம் என்னன்னா, கல்யாண் ஸ்டேஷன் பக்கம் ஒரு ரூம் பார்த்தேன். சின்னதுதான், ஆனா கிச்சன் தனி. ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினேன். எதுவும் தட்டலை பூமாரி! சச்சி, நிஜமாதான் சொல்றேன், ரெண்டு தடவை நீட்டிப் பார்த்தேன். ஓனர் ஜெயினுலாப்தீன் பாய் நல்ல மாதிரி. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்.

அம்மாதான் டென்ஷன். அண்ணன் தனிக்குடித்தனம் போனப்போ எத்தனை நாள் சாப்பிடாம கிடந்தா தெரியுமா? எனக்கு வாய் வராது. நீ வேண்டாம்னா விட்டுடலாம்.

உன்
பேச்சிராஜா


தாராவி
24-6-2024

அன்பு மச்சானுக்கு,

நேத்து டூட்டின்னு நீங்க வராததும் நல்லதாப் போச்சு. இன்னைக்கு நானே சொல்லிட்டேன்.

காலையில குழாயடியில அத்தை தண்ணி பிடிச்சிட்டு இருந்தாங்க. மெதுவாச் சொல்லணும்னுதான் போனேன். பக்கத்துல மோட்டார் ஓடுது, அத்தைக்குக் கேக்கல. "என்னட்டி?"ன்னாங்க. "கல்யாண்ல ரூம்பு பார்த்திருக்காங்க, நாங்க தனியாப் போகவா?"ன்னு கத்தினேன். அந்த நேரம் பார்த்து மோட்டார் நின்னுட்டு. சந்தே கேட்டுட்டு மச்சான்!

குடம் நிறைஞ்சு வழியுது, அத்தை அதை நகத்தல. பரீஹா அக்கா ஜன்னல்ல இருந்து, "விடுங்கக்கா, சின்னஞ்சிறுசுங்க"ன்னாங்க. எனக்குக் கண்ணு முட்டிட்டு.

அப்புறம் அத்தை குடத்தை இறக்கி வச்சாங்க. "பெரியவன் சொல்லாமப் போனான்டி, அதான் எனக்கு வலிச்சுது. நீ ஊரையே கூட்டிச் சொல்லிட்டியே!"ன்னு சிரிச்சாங்க பாருங்க, சிரிப்பு அடங்கவே இல்ல.

மத்தியானமே என்னைக் கூட்டிக்கிட்டுக் கல்யாண் போயிட்டாங்க. ரூம்பைச் சுத்திச் சுத்திப் பார்த்தாங்க. ஜெயினுலாப்தீன் பாய், "விருந்தாளிங்க நிறைய வருவாங்களாம்மா?"ன்னு கேட்டார். "பொங்கல் வரைக்கும் ஒருத்தரும் வரமாட்டாங்க. வந்தா எனக்குப் போன் போடுங்க, நான் பாத்துக்கிடுதேன்"ன்னாங்க அத்தை. பாய் திருதிருன்னு முழிச்சார்.

திரும்பி வரும்போது ரயில்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நான் வாழவந்தப்போ அந்த ரூம்புக்குள்ள பதினோரு பேரு. எங்களுக்காகப் பேச ஒரு ஆளில்ல"ன்னாங்க. குர்லா ஸ்டேஷன் வந்தும் கையை விடல.

முப்பதாம் தேதி காலையில பால் காய்ச்சணுமாம். நீங்க இங்க வரவேண்டாம், நேரா கல்யாண் வந்துருங்க. மாமா, மதினி, பிள்ளை, கொழுந்தன் எல்லாரும் வாராங்க. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் ஒருத்தர் விடாம அத்தை கூட்டிட்டுப் போயிருவாங்களாம்.

நான் மட்டும் இருப்பேன்.

உங்கள்
பூமாரி