கழுத்து மருவுக்கு உப்பும் மிளகும்

இன்று காலை மேனாம்பேட்டில் உன் வீட்டுக்குப் போனால், வாசலில் உன் அண்ணன் உப்பு மிளகுப் பொட்டலத்தோடு நிற்கிறார். உன் மகள் கழுத்தில் மரு வந்திருக்கிறதாம், கோயிலில் போட்டுவிட்டு வரப் போகிறாராம். மிளகு வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உனக்கும் இதையேதானே செய்தார்கள்? இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் தையல் கம்பெனியில் பக்கத்து மிஷினில் நீ குனிந்து தைக்கும்போது கழுத்தோரம் குட்டிக் குட்டியாய் மரு தொங்கும். "இன்னாடி, கழுத்துல மொளகு காயப்போட்டுகினு கீறே?" என்பேன். "ஓசில வந்த மணிடி, தாலிக்குத் தொணையா கெடக்கட்டும்" என்று சிரிப்பாய். அந்த மருக்கள் உன்னை ஒன்றும் செய்யவில்லை.

பிறகுதான் காதுக்குக் கீழே அந்தக் கட்டி வந்தது. தொட்டால் நகரவில்லை, கல் மாதிரி இருந்தது, மாதத்துக்கு மாதம் பெருத்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். உன் அண்ணன் குறுக்கே வந்தார். "அதுவும் மருதாம்மா. உப்பு மொளகு போட்டாச்சு. இப்போ டாக்டராண்ட போனா சாமிய நம்பலன்னு ஆய்டும்." தோலில் தொங்குவதும் மரு, உள்ளே இறுகுவதும் மருவா? எந்தச் சாமியடி டாக்டரிடம் போகாதே என்றது? நீயோ, "அண்ணன் மனசு நோவும்டி, கொஞ்ச நாள் பாக்கலாம்" என்றாய். கொஞ்ச நாள் கழித்துப் போனபோது புற்று பரவிவிட்டது என்றார்கள். உன் சாவு வீட்டில் "விதி" என்றாரே உன் அண்ணன், அப்போது எனக்கு வாயில் நன்றாக வந்தது.

இன்று நான் விடவில்லை. "சாமிக்குப் போடறத நீ போடுண்ணா. பொண்ண நான் டாக்டராண்ட இட்டுகினு போறேன்" என்று அவளை ஆட்டோவில் ஏற்றினேன். "பெரிம்மா, அம்மாவுக்கு வந்ததுதானா இது?" என்றாள். ஆட்டோக்காரரை வேகமாகப் போகச் சொன்னேன்.

டாக்டரம்மா மருவைப் பார்த்தார், கழுத்தைச் சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். "இது வெறும் மரு. செயினும் காலரும் உரசுற இடத்துல வரும், ஒண்ணும் பண்ணாது. முடி கட்டி அறுக்கறது, சுண்ணாம்பு வைக்கறது எல்லாம் வேணாம். கெட்டியா ஒரு கட்டி வந்து பெருசாகிட்டே போனா மட்டும் உடனே வந்து காட்டணும்."

உன் மகள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். எனக்குத்தான் ஆத்திரத்தில் அழுகை வந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லையடி. அதைக்கூட உனக்குக் கொடுக்கவில்லையே, பாவிகள்.

போனது போகட்டும், கோபத்தை விடு என்கிறார்கள் எல்லோரும். விடமாட்டேன். உன் மகள் கழுத்தை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே.