தூதர்களுக்குத் தம்பி கிடையாது

மார்ச் 4, செவ்வாய்

தம்பியை இன்று எங்கள் லிஃப்ட் கம்பெனி வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருஷ வேலை. லிஃப்ட் ரிப்பேரின்போது மூன்றாவது மாடிக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போனவன் நான். குழிக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டவர் வாட்ச்மேன். "நான்தான் சார்" என்று முந்திக்கொண்டவன் தம்பி. நானும் வாயைத் திறந்தேன். கொட்டாவி விடுகிறேன் என்று மேனேஜர் நினைத்திருப்பார்.

மார்ச் 5

தனக்குப் பிள்ளை குட்டி இல்லையாம், எனக்கு இரண்டு பேர் இருக்கிறார்களாம். அதனால் சொன்னானாம். அவனை யார் கேட்டது? அந்த நல்லவன் மூஞ்சியைப் பார்த்தாலே எரிகிறது.

மார்ச் 9, ஞாயிறு

ஒன்றும் தெரியாத மனைவி சபைக்கு இழுத்துப் போனாள். குற்றமில்லாத ஒருவர் சிலுவையில் நம் தண்டனையை ஏற்றார் என்று பிரசங்கம். எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நான் பல்லைக் கடித்தேன். தப்பிக்கவைக்கப்பட்டவன் அப்புறம் எந்த முகத்தோடு நடமாடுவான்? அதை ஒருவரும் பேசக் காணோம்.

ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்த மேதை அல்லவா, போதகரை மடக்கப் போனேன். பாவம் செய்து வானத்திலிருந்து விழுந்த தேவதூதர்களுக்காக ஏன் யாரும் சாகவில்லை, இதென்ன ஓரவஞ்சனை என்றேன். அவர் அசரவில்லை. தூதர்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவர்களாம், குடும்பம் கிடையாதாம்.

"ஒருத்தருக்காக இன்னொருத்தர் நிக்கணும்னா ஒரே ரத்தமா இருக்கணும். அவங்களுக்கு அது இல்ல. நமக்கு இருக்கு."

கொடுத்துவைத்தவர்கள். விழுந்தால் விழுந்த இடத்திலேயே நிம்மதியாகக் கிடக்கலாம்.

மார்ச் 12

சின்னவள் கேட்டாள்: "ஏம்ப்பா, சித்தப்பா அவ்வளவு பொறுப்பில்லாதவரா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

மார்ச் 13

சாப்பாடு இறங்கவில்லை. தொப்பைக்கு நல்லது.

மார்ச் 14, வெள்ளி

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். என்னையும் அனுப்பிவிட்டார். தம்பியைத் திரும்ப எடுப்பீர்களா என்றதற்கு, பொய் சொன்னவன் எதற்கு என்றார். ஆக, இரண்டு பேருக்கும் வேலை இல்லை. என் சாமர்த்தியம் அப்படி.

சாயங்காலம் தம்பி வந்தான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என்னை 'டா' போட்டான்.

"நான் செஞ்சதெல்லாம் நாசமாக்கிட்டியேடா."

"உன்ன யாருடா செய்யச் சொன்னா? தப்பு என்னோடது. அத எங்கிட்டயே விடு."

நடுவில் வந்து நின்ற மனைவிக்கு அப்போதுதான் விஷயம் தெரியும். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இரண்டு பேரையும் திட்டினாள்.

மார்ச் 16, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. சின்னவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியிலேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் கையை விட்டுவிட்டுத் தள்ளி நடந்தாள்.

கதவைத் திறந்து போட்டவன் நான் என்றதும் வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து கேட்கிற அளவுக்குத் திட்டினார். அத்தனையும் எனக்கே. பங்குக்கு ஒருவரும் வரவில்லை.

தம்பி இன்னும் பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.