தொட்டில் அறையின் பொன் விளக்கு

தார்வாட்,
திங்கட்கிழமை.

அன்புத் தம்பி விரூபாட்சனுக்கு அக்கா நீலகங்கா எழுதுவது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் உன் சுமங்களாவை ஞாயிறன்று பார்த்தேன், நன்றாக இருக்கிறாள். நான் நலம் என்று எழுத மனம் வரவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் இதை பெங்களூர் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ விளக்கு அமைத்துக் கொடுத்த எங்கள் பிரசவ வார்டைப் பற்றித்தான். தொட்டில்களுக்கு மேலே பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை விளக்குதான் முதலில் வரைந்திருந்தாய். பெரிய டாக்டர், "என்னப்பா, பிணவறை மாதிரி இருக்கு. போட்டோவுல கொழந்த தங்கமா தெரிய வேணாமா?" என்றதும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாய். எல்லாம் பொன்னிறமாயிற்று. ஜன்னலையும் பலகை வைத்து அடைத்தாய். நான் கேட்டதற்கு, "கேக்கறதக் குடுத்துட்டுப் போவோம்க்கா, நமக்கென்ன" என்றாய். பார்க்க வந்தவர்களும் பேடா தின்றுகொண்டே, குழந்தை என்ன நிறம் பார் என்று படம் எடுத்துத் தள்ளினார்கள்.

மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சள் காமாலை எந்தக் கண்ணுக்குத் தெரியும்? நவலகுந்து ஊரிலிருந்து வந்த கஸ்தூரியின் பெண் குழந்தையை மூன்று நாளும் காலையில் நான்தான் பார்த்தேன். 'நிறம் நன்று' என்று மூன்று நாளும் என் கையால் எழுதினேன். இருபத்திரண்டு வருஷ நர்ஸ் வேலை. நினைத்தால் தூ என்றிருக்கிறது. நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்ப வராந்தாவுக்குத் தூக்கி வந்தபோதுதான் பார்த்தோம், உள்ளங்கால் வரை மஞ்சள். ஹூப்ளிக்கு ஓடி ரத்தம் மாற்றினார்கள். உயிர் தப்பியது. காமாலை இவ்வளவு ஏறினால் காதையும் பாதிக்குமாம், கேட்குமா என்பது போகப்போகத்தான் தெரியுமாம்.

பெரிய டாக்டர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். கஸ்தூரியிடமே, "நீ ஒழுங்கா பால் குடுத்திருந்தா இப்படி ஆகுமாம்மா?" என்கிறார். அவள் தன் மேல்தான் தப்பு என்று நம்பி அழுகிறாள்.

வியாழக்கிழமை விசாரணை. விளக்கு சரியானது என்று நீ கையெழுத்துப் போட்ட சான்றிதழை டாக்டர் கோப்பின் மேலேயே வைத்திருக்கிறார். நான் எழுதியது தப்பு என்று சொல்லத்தான் போகிறேன். வேலை போனால் போகட்டும். ஆனால் உன் சான்றிதழ் இருக்கும்வரை அந்த விளக்கை யாரும் கழற்ற மாட்டார்கள். இன்றும் அதன் கீழே ஒன்பது குழந்தைகள் கிடக்கின்றன.

இன்று காலை உன் மாமியார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சுமங்களாவுக்கு டாக்டர் இலவசமாக ஒதுக்கிய அறை வேண்டாமாம். "மாப்பிள்ளதான் சொன்னாரு, அந்த வார்டு மட்டும் வேணாம், வேற எடம் பாருங்கன்னு. ஏன்னு கேட்டா வாயே தெறக்கல" என்றார். என் கூடப் பிறந்தவன்தானா நீ என்று அருவருப்பாக இருந்தது.

சுமங்களாவுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும். பிறக்கும் பிள்ளை நோய்நொடி இல்லாமல் வளரட்டும். மாமியாரிடம் நீ சொல்லாத அந்தக் காரணத்தை ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வியாழனுக்குள் அனுப்பு, தம்பி.

உன் அக்கா,
நீலகங்கா