ஒளி வயரும் என் மீசையும்

15 அக்டோபர் 2006, ஞாயிறு

இன்று என் மீசை மயிரிழையில் தப்பியது.

கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டை வெளிச்சமாகவே கொண்டுபோகும் டிஜிட்டல் வயரை மதுரையில் வாங்கி வந்தேன். "ஏலே மாப்ளே, சத்தத்துல ஆனைக்குட்டம் அணையே தளும்பும். இல்லைன்னா மீசைய எடுத்துருதேன்" என்று மைத்துனனிடம் சவால் விட்டேன்.

பாட்டைப் போட்டேன். கொசு முனகும் சத்தம்கூட வரவில்லை.

மைத்துனன் சவரக்கத்தியோடு வந்தான். "மூஞ்சியக் காட்டுங்க மச்சான்."

பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்குத் தாள் ஒட்டும் என் மனைவி, வயரின் நுனியை உருவிப் பார்த்தாள். "மேல ஒட்டுன தாளக் கிழிக்காமப் பத்த வச்சா பூக்குமா? மூடியக் கழத்தாம மாட்டியிருக்கீக!" என்று கடுகளவு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, வயரை மறுபடி மாட்டினாள்.

பாட்டு இடியாய் இறங்கியது. சத்தத்தில் மிரண்டு ஓடிய மைத்துனன் இந்நேரம் பக்கத்து ஊர் தாயில்பட்டியைத் தாண்டியிருப்பான்.

மீசை பிழைத்தது. ஆனால் நான் அதை முறுக்கப் போனாலே, அவள் அந்த மூடியை எடுத்துக் காட்டுகிறாள்.