ஒரு அடிப் பலகை

ராஜபாளையம்,
நவம்பர் 10

அன்பு மகள் ஷெரினுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நல்ல சுகம், அங்கே மும்பை ரயில் நெரிசலில் நீயும் கை கால் சுகத்தோடு இருக்க தினமும் ஜெபமாலை சொல்கிறேன். நீ வரைந்த கல்லறைச் சுவரைத்தான் அங்கே கட்டப் போகிறார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கிருஷ்ணன்கோவிலுக்குக் காலேஜ் பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போன பிள்ளையா இது! சில வருஷம் கழித்து எலும்பை எடுத்துச் சுவர் மாடத்தில் வைத்துவிட்டு அதே குழியை அடுத்தவருக்குக் கொடுப்பார்கள், சிமெண்ட் கிடையாது, எல்லாம் மண்ணை இறுக்கிச் செய்த கல், பேர் வெட்ட ஆளுக்கு ஒரு அடிப் பலகை என்று தெருவுக்கே விளக்கிவிட்டேன். படிச்ச படிப்புக்குக் கல்லறை வேலையா என்று உன்னோடு ஆறு மாதம் பேசாத அப்பா, நீ வரைந்த படத்தைப் பார்த்து, கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்திய எங்கேட்டி வைப்பாக என்று கேட்டாரே, நீயும் பலகைக்குக் கீழே விளிம்பு வைத்தாயே, அதிலிருந்து டிசைனில் பாதி தன்னுடையதாம்.

இங்கே நம் கல்லறைத் தோட்டத்திலும் இடம் தீர்ந்துவிட்டது. போன மாதம் தவசிமுத்து அண்ணனுக்குக் குழி வெட்ட இடமில்லாமல் பெட்டி வெயிலில் காத்துக்கிடந்தது. அதனால் ஞாயிறு பூசை முடிந்து பங்குச்சாமியார் கூட்டம் போட்டு உன் படத்தைக் காட்டி, இங்கேயும் இப்படி ஒரு சுவர் கட்டலாம் என்றார். எங்க அப்பா கல்லறையத் தொடக்கூடாது என்று ஆளாளுக்குச் சத்தம். உன் அப்பாதான் பெரிதாகக் கத்துவார் என்று பயந்தேன். தாத்தா கல்லறை பக்கத்தில் எங்கள் இருவருக்கும் செங்கல் வரம்பு கட்டி, ஆள் இல்லாத அந்த இடத்துக்கும் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறவர் ஆயிற்றே. அவர் எழுந்து, மொதல்ல எங்க இடத்த எடுத்துக்கோங்க சாமி, எம்மவ சுவத்துல எங்களுக்கு ஆளுக்கொரு பலகை போதும் என்றார். பொறவுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில்தான்.

மறுநாளே அப்பா ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறி, கல்லில் எழுத்து வெட்டுகிற கடையில் அளவு கேட்டிருக்கிறார். கிறிஸ்துராஜ், சப் இன்ஸ்பெக்டர் ஓய்வு, ஷெரினின் அப்பா என்று மூன்று வரி. ஒரு அடியில் இரண்டு வரிதான் கொள்ளும் என்றாராம் கடைக்காரர். மஞ்சப்பையில்கூட சப் இன்ஸ்பெக்டர் என்று எழுதி வைக்கிற மனுஷன், போலீஸத் தூக்கிருங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட மறக்காதே. கர்த்தர் உன் கையையும் கண்ணையும் காப்பாராக.

உன் அம்மா,
இன்பம்