நின்றவளுக்கு ஒன்று, நகர்ந்தவருக்கு ஒன்று

10.2.2004, செவ்வாய். மழை. இடையில் பனித்தூறல்.

அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன் முருகா, இரண்டு மாதம் காத்திருந்து ஆஸ்பத்திரியில் நாள் குறித்துக் கிடைத்த டெர்மின் ஐந்து நிமிடத்தில் முடியலாமா? இவரைக் காந்த மெஷினுக்குள் மெதுவாகத்தான் தள்ளினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், வாயில் உன் பெயர். தலை உள்ளே போனதும் இவர் கத்தல். கையில் கொடுத்த பெல்லை விடாமல் அமத்தல். வெளியே இழுத்துவிட்டார்கள்.

"மின்னுது. கண்ணுக்குப் பின்னாலை ஆரோ இழுக்கினம்."

பயம் என்றாள் நர்ஸ். எனக்கும் அப்படித்தான் பட்டது. கட்டில் அசைந்தது, வேறொன்றையும் நான் காணவில்லை. வரும்போது பஸ்சில் ஏசினேன். "சின்னப்பிள்ளை மாதிரி. வெக்கமா இல்லையோ?" இவர் ஜன்னலைப் பார்த்தபடி.

தலைக்குள் கட்டி. படம் இல்லாமல் ஒப்பரேஷன் இல்லை என்று பெரிய டொக்டர். படம் வந்தாலும் என்ன, டொக்டர் முகத்தில் ஒரு வெளிச்சமும் இல்லை.

மத்தியானம் ரசமும் சோறும். இவர் இரண்டு வாய். பால் முடிந்தது, வாங்க வேண்டும்.

12.2.2004, வியாழன். வெயில், ஆனால் குளிர்.

அக்காவின் மகள் சுதா சைக்கிளில் வந்தாள், மூக்கு சிவந்து. எர்லாங்கன் யூனிவர்சிட்டியில் பௌதிக ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. நடந்ததைச் சொன்னேன்.

"சின்னம்மா, சித்தப்பா பயத்திலை சொல்லேல்லை. உண்மையா மின்னியிருக்கும்."

"நானும் அங்கைதானே நிண்டனான். எனக்கு ஒரு மின்னலையும் காணேல்லை."

"நீங்கள் நிண்டனீங்கள். அவர் நகர்ந்தவர்."

என் சீப்பை எடுத்துத் தன் தலையில் தேய்த்தாள். கடதாசித் துண்டு வந்து ஒட்டியது. சீப்பை மேசையில் வைத்தாள்.

"இப்ப இதிலை மின்சாரம் இருக்கு. இருந்தபடி பாக்கிற உங்களுக்கு அது மட்டும்தான். நான் இதைக் கடந்து நடந்தால் எனக்குத் துளி காந்தமும் இருக்கு. உங்களுக்கு இல்லை."

"அப்ப ஆர் பொய்?"

"ஒருத்தரும் இல்லை. மற்றப் பக்கமும் அப்பிடித்தான். காந்தம் சும்மா நிக்குது. நிக்கிற ஆளுக்கு வெறும் காந்தம். அதுக்குள்ளை அசையிற ஆளுக்கு மின்சாரமும். அதுதான் கண்ணிலை மின்னல், தலைச்சுத்து."

சோபாவில் கிடந்த இவர் கண் திறக்காமலே, "முப்பது வருசமா அப்பிடித்தான் பிள்ளை. எனக்கு ஒண்டு, கொம்மாவின்ரை தங்கச்சிக்கு வேறை ஒண்டு." சுதா சிரித்தாள். நானும். எத்தனை நாளைக்குப் பிறகு.

என் படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனாலும் விளங்கியது. பஸ்சில் ஏசினது பாவம். கோயிலில் நான்தான் உன்னைச் சுற்றி வருகிறேன், நீ அசைவதில்லை. அதனால்தான் இங்கே நடக்கிறது ஒன்றும் உனக்குத் தெரிவதில்லையோ. மன்னித்துக்கொள். எழுதிவிட்டேன்.

15.2.2004, ஞாயிறு. மூடுபனி.

காலையில் என்னைத் தன் தாயின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திருத்தவில்லை. சேர்ட் பொத்தானை நான் பூட்டினேன். எதைக் கேட்டாலும் "ஓம்". பசிக்குதோ, ஓம். பசிக்கேல்லையோ, ஓம்.

சுதா பேசிப் பேசி புது டெர்மின் வாங்கிவிட்டாள். செவ்வாய் காலை 8.10. கட்டிலை இன்னும் மெதுவாகத் தள்ளுவார்களாம், மயக்க ஊசியும் போட்டு.

கொண்டுபோக: காப்புறுதி அட்டை, டொக்டர் கடிதம், மாற்றிக் கட்டச் சாரம், விபூதி.
கழற்ற: மோதிரம், தாயத்து. "செம்புதானே" என்றேன். "அதுவும் ஏலாது சின்னம்மா. இரும்பெண்டால் அந்தக் காந்தம் பிச்சு இழுத்துப்போடும்."

கழற்றும்போது விரல் எலும்பு கையில் பட்டது. இவ்வளவு மெலிவு.

16.2.2004, திங்கள். மாலை. காற்று.

ஆஸ்பத்திரியில் இருந்து நர்ஸ் போன். நாளைக்கு முன் கடைசியாக ஒருமுறை கேள்விகளாம். இவருக்குச் சொல்ல ஏலாது, நான்தான் எல்லாவற்றுக்கும் நைன், இல்லை என்று சொன்னேன். இதயத்தில் மெஷின்? நைன். ஒப்பரேஷன்? நைன். உடம்பில் இரும்பு, ஏதாவது உலோகம்? நைன். அன்று பார்த்தேன், புருவத்தில் தழும்பு இருக்கிறதே என்றாள். சைக்கிளால் விழுந்தது என்றேன். நல்லது, 8.10க்கு வாங்கோ என்று வைத்துவிட்டாள்.

இதுவும் தவறினால் இனி டெர்மின் இல்லை. சுதா சொல்லவில்லை, ஆனால் தெரியும்.

புட்டுக்கு மாக் குழைத்தேன். குழைக்கும்போது, அது என்ன நிறச் சைக்கிள் என்று யோசித்தேன். வரவில்லை. எந்த ரோட்டில் விழுந்தார்? அதுவும் வரவில்லை.

சைக்கிள் இல்லை முருகா. ஊரில் சந்தையடியில் ஷெல் விழுந்த நாள் வந்த தழும்பு. தழும்பைக் கண்டால் ஆமி பிடித்துக்கொண்டு போவான் என்று நானும் இவரும் பழக்கி வைத்த கதை சைக்கிள். பயத்தில் இங்கே அகதி அன்ட்ராக் படிவத்திலும் அதையே எழுதினோம். சுதாவுக்கும் அதையே சொன்னோம், சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

தோண்டினால் கண் போய்விடும் என்று, ஊர் டொக்டர் ஷெல்லின் இரும்புத் துண்டை உள்ளே விட்டுத்தான் தைத்தவர்.